ஒரு மணி நேர வானம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை முடிந்த மாலைகளில் எங்களுள் சிலர் கடற்கரைச் சாலைக்குப் போவது வழக்கம். ஆறு மணிக்கு மேல் அங்கே வாகனங்கள் ஓடுவதில்லை. காந்தி சிலையிலிருந்து தெற்கே துய்ப்ளெக்ஸ் சிலைவரை நடந்து திரும்புவோம். இலக்கியம் பேசுவதாகத்தான் ஏற்பாடு. பாதி நாட்கள் வெறுமனே நடப்பதுண்டு. அந்தச் சாலைக்குப் பெயர்ப்பலகையில் கூபேர் சாலை என்று பெயர். எங்கள் வாய்க்கு அது பீச் ரோடு. பிரெஞ்சில் ப்ரொமனாத், அதாவது உலாவுதல் அல்லது உலாவும் இடம்.

பிரெஞ்சு படித்த நண்பர் ஒருவர் ஒரு நாள் நடையின் நடுவே சொன்னார்: இதே சொல்லுக்குச் சிறையிலும் ஒரு பொருள் உண்டு. பிரான்சின் சிறைகளில் கைதியைக் கொட்டடியிலிருந்து திறந்தவெளிக்கு விடும் நேரத்தையும் ப்ரொமனாத் என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு கைதிக்கும் நாள்தோறும் குறைந்தது ஒரு மணி நேரம் அது கிடைக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. காற்று வாங்க வந்தவர்களுக்கு அச்சொல் அதன்பின் கொஞ்சம் கனமாகிவிட்டது. நாம் கேட்காமலே பெறுகிற ஒன்று, இன்னொருவருக்குச் சட்டம் எழுதித் தர வேண்டிய பொருளாக இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரம் நம் நாட்டில் எப்படி வந்தது? கருணையாகவா, கூலியாகவா, உரிமையாகவா? அந்தக் கேள்வியின் பின்னால் சில வாரங்கள் போனதன் விளைவே இக்கட்டுரை.

*

1908ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். பின்னாளில் புதுச்சேரிவாசியாகிவிட்ட ஒருவர் அவ்வாண்டு மே 5ஆம் நாள் கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அரவிந்தர் அப்போது விசாரணைக் கைதி. அவர்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை; ஓராண்டு கழித்து 1909 மே 6 அன்று விடுதலையும் ஆனார். எனினும் அவரை முதலில் வைத்தது தனிக் கொட்டடியில்.

அந்த நாட்களைப் பற்றி அவர் வங்காளியில் எழுதிய நூல் 'காராகாஹினி'. ஒன்பது அடி நீளம், ஐந்தாறு அடி அகலம், சன்னல் கிடையாது, முன்புறம் இரும்புக் கம்பிகள். அதற்கு வெளியே உயர்ந்த சுவர் சூழ்ந்த சிறு முற்றம். ஒரு தட்டும் ஒரு கிண்ணமும் அவருடைய குடித்தன உடைமை. முகம் கழுவவும் குடிக்கவும் பருப்பை வாங்கவும் அந்த ஒரே கிண்ணம்தான். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். ஆனால் மனம் தன் பிடியிலிருந்து நழுவத் தொடங்கியதைச் சொல்லும் இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. இத்தாலிய மன்னனைக் கொன்று தனிமைச் சிறைக்குப் போன பிரெஷி என்பவனின் கதி அவருக்கு நினைவு வருகிறது. தனிமை மனிதனை எப்படிப் பித்தாக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது என்கிறார். முற்றத்தில் ஊரும் எறும்புகளைக் கவனிப்பதும், செவ்வெறும்புகளிடமிருந்து கருப்பெறும்புகளைக் காப்பாற்ற முயல்வதும் அந்நாட்களில் அவருக்குக் கிடைத்த வேலைகள்.

பிறகு ஒரு மாற்றம் வருகிறது. டேலி என்ற சிறை மருத்துவரின் முயற்சியால், காலையும் மாலையும் கொட்டடிக்கு வெளியே உலாவ அவருக்கு அனுமதி கிடைக்கிறது. ஒரு பக்கம் சிறைத் தொழிற்கூடம், மறுபக்கம் மாட்டுத் தொழுவம், இடையே நடை. சில நாள் பத்து நிமிடம், சில நாள் இரண்டு மணி நேரம். உபநிடத மந்திரங்களைச் சொல்லிக்கொண்டு, வேலை செய்யும் கைதிகளையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு அவர் நடக்கிறார். அந்நூலின் மிக வெளிச்சமான பக்கங்கள் இவைதாம்.

இங்கே இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நடை ஒரு நல்ல மருத்துவரின் இரக்கத்தால் வந்தது; நேரத்துக்கும் அளவில்லை, வாக்குறுதியும் இல்லை. பின்னர் கைதிகள் அனைவரும் ஒரே கூடத்தில் சேர்த்து வைக்கப்பட்டனர். 1908 ஆகஸ்டு 31 அன்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய நரேன் கோசாயின் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது, சுட்டவர்கள் இருவர். ஆனால் எல்லாரும் மறுபடியும் தனிக் கொட்டடிகளுக்குத் திரும்பினார்கள். இரக்கம் கொடுத்ததை எச்சரிக்கை எடுத்துக்கொண்டது.

*

அதே ஆண்டு ஜூலை 7 அன்று திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். கோயம்புத்தூர்ச் சிறையில் அவருக்கு நேர்ந்தது நம் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றச் சொன்னார்கள். கைத்தோல் உரிந்து குருதி வழிந்தது. அடுத்து எண்ணெய்ச் செக்கு. மாடு இழுக்க வேண்டிய செக்கை வழக்கறிஞர் இழுத்தார். உடன் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா தொழுநோயுடன் சிறையிலிருந்து வெளியேறினார்.

வ.உ.சி.யின் செக்கு நமக்குத் தியாகத்தின் சின்னம். அதை வேறொரு கோணத்திலும் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. கொட்டடிக்கு வெளியே இருக்கும் நேரம் என்ற கணக்கில் மட்டும் பார்த்தால், வ.உ.சி. அரவிந்தரைவிட அதிக நேரம் வெளியேதான் இருந்தார். அன்றாடச் செயல்பாடு என்ற கணக்கிலும் அவருடைய நாள் நிறைந்தே இருந்தது. அலிப்பூரில் ஒருவர் செய்ய ஏதுமின்றி எறும்புகளைப் பார்த்திருந்தார். கோயம்புத்தூரில் ஒருவர் செய்து முடியாத வேலையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரே ஆண்டு, ஒரே சட்டம். வெறுமையும் தண்டனை, வேலையும் தண்டனை.

ஆகவே கதவு திறப்பது மட்டும் போதாது. திறந்த கதவுக்கு வெளியே என்ன காத்திருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வ.உ.சி.யே இதற்கு விடையும் வைத்திருந்தார். ஜேம்ஸ் ஆலனின் நூல் ஒன்றைச் சிறையில் இருந்தபடியே 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறையில் 'மெய்யற'த்தை எழுதினார். அவருக்குச் சிறை விதித்த செயல் செக்கிழுப்பது. அவரே தமக்கு விதித்துக்கொண்ட செயல் எழுதுவது.

*

அந்த ஒரே சட்டம் எது? 1894ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் சட்டம். அலிப்பூரிலும் கோயம்புத்தூரிலும் அன்று அதுவே ஆண்டது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி அதற்கு வெளியே இருந்தது. 1954இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த பிறகுதான் இந்தியச் சட்டங்கள் இங்கே வந்தன.

அச்சட்டத்தில் ஒரு மணி நேர உடற்பயிற்சி என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடிப் பார்த்தோம். கிடைத்த இடம் எங்களைத் திடுக்கிட வைத்தது. அவை 46ஆம் பிரிவில் உள்ளன. அது சிறைக் குற்றங்களுக்குக் கண்காணிப்பாளர் விதிக்கக்கூடிய தண்டனைகளின் பட்டியல். பிரித்து வைத்தல் என்ற தண்டனையை விளக்கும்போது சட்டம் சொல்கிறது: பிற கைதிகளோடு பேச முடியாது, ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தெரியலாம், நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத உடற்பயிற்சி உண்டு, உணவை ஓரிருவரோடு சேர்ந்து உண்ணலாம். சற்றுக் கீழே கொட்டடிக் காவல் என்ற இன்னொரு தண்டனை வருகிறது. அது 14 நாளுக்கு மிகக் கூடாது என்கிறது சட்டம். அங்கே அந்த ஒரு மணி நேரப் பேச்சே இல்லை.

அதாவது திறந்தவெளியின் ஒரு மணி நேரம் அந்தச் சட்டத்துக்குள் ஒரு தண்டனையின் இலக்கணமாக நுழைந்திருக்கிறது. ஒரு தண்டனையை அதைவிடக் கடுமையான மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் அது. வேலை நேரத்துக்கும் அச்சட்டத்தில் வரம்பு உண்டு. 35ஆம் பிரிவின்படி கடுங்காவல் கைதியிடம் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வேலைக்கு உச்சவரம்பு எழுதியவர்கள், ஓய்வுக்கோ படிப்புக்கோ விளையாட்டுக்கோ கீழ்வரம்பு எழுதவில்லை.

ஒன்பது மணி என்ற எண்ணை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தபோது ஃபூக்கோ நினைவுக்கு வந்தார். 1975இல் வெளியான அவருடைய சிறை வரலாற்று நூலின் தொடக்கத்தில் இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து வரும். 1757இல் தாமியேன் என்பவனைப் பொதுவெளியில் வதைத்துக் கொன்றது முதல் காட்சி. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸின் இளங்கைதிகள் இல்லத்துக்கு எழுதப்பட்ட நாளொழுங்கு இரண்டாவது. குளிர்காலத்தில் ஆறு மணிக்கும் கோடையில் ஐந்து மணிக்கும் எழ வேண்டும். ஒன்பது மணி நேர வேலை, இரண்டு மணி நேரக் கல்வி. உடலைக் கிழித்த அதிகாரம் நாளை மணிகளாக நறுக்கத் தொடங்கிவிட்டது என்பது ஃபூக்கோவின் வாதம். பாரிஸின் பட்டியலில் கல்விக்கு இரண்டு மணியாவது இருந்தது. கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்தபோது ஒன்பது மட்டும் வந்து சேர்ந்ததுபோலும்.

கொட்டடியில் பூட்டி வைப்பதை ஒரு தத்துவமாக்கியவர்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாக்காரர்கள். 1829இல் அங்கே திறக்கப்பட்ட கிழக்குச் சிறையில் ஒவ்வொரு கொட்டடிக்கும் பின்னால் அதற்கென்றே ஒரு குட்டி முற்றம் உண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம் கைதி அங்கே நிற்கலாம். அடுத்தவன் முகத்தைப் பார்க்க முடியாது. தனிமையில் மனிதன் தன் பாவத்தை எண்ணித் திருந்துவான் என்பது நம்பிக்கை. நல்லெண்ணத்தோடு கட்டிய சிறைதான் அது. 1842இல் அதைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இது கொடியது என்று எழுதினார். கட்டியவர்களின் நல்லெண்ணத்தை அவர் சந்தேகிக்கவில்லை. தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது என்றார்.

*

சலுகையாக வந்ததை உரிமையாக்கும் வேலையை நம் நாட்டில் முதலில் செய்தவர்கள் கைதிகளே. 1929இல் லாகூர்ச் சிறையில் பகத்சிங்கும் தோழர்களும் உண்ணாநோன்பு இருந்தபோது, அவர்கள் கேட்டவற்றில் நல்ல உணவோடு புத்தகமும் செய்தித்தாளும் இருந்தன. ஜதீந்திரநாத் தாஸ் 63ஆம் நாள், செப்டம்பர் 13 அன்று உயிர் நீத்தார். 1933இல் அந்தமான் செல்லுலார் சிறையில் நடந்த உண்ணாநோன்பில் மூவர் இறந்தனர். படிக்க ஒரு தாளுக்காகவும் நாளைக் கழிக்க ஒரு நூலுக்காகவும் உயிர் கொடுத்திருக்கிறார்கள். அன்றாடச் செயல்பாடு என்ற சொல் அலுவலகக் கோப்பில் சாதுவாகத் தெரிவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுதலைக்குப் பின் கதை நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது. 1960களில் பம்பாய்ச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த பிரபாகர் பாண்டுரங் சான்ஸ்கிரி, அணுவின் உட்புறத்தைப் பற்றி மராத்தியில் ஓர் அறிவியல் நூல் எழுதினார். அதை வெளியே அனுப்ப அரசு மறுத்தது. சட்டம் தரும் சலுகைகளில் புத்தகம் எழுதுவது இல்லை என்பது அரசின் வாதம். உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: விதிகள் தடுக்காத எதையும் செய்ய அவருக்கு உரிமை உண்டு. வ.உ.சி. சிறைக்குள் எழுதியது அதிகாரிகளின் தயவில். சான்ஸ்கிரியின் கைப்பிரதி வெளியே வந்தது உரிமையில்.

1978 ஆகஸ்டு 30 அன்று வந்த சுனில் பத்ரா தீர்ப்பே பெரிய திருப்பம். பத்ரா, தில்லி திகார்ச் சிறையில் மரண தண்டனைக் கைதி. 1894 சட்டத்தின் 30ஆம் பிரிவைக் காட்டி அவரைத் தனியே பூட்டி வைத்திருந்தார்கள். தூக்குக் கைதியைப் பிறரிடமிருந்து விலக்கி, இரவும் பகலும் காவலில் வைக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைச் செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் அதன் பல்லைப் பிடுங்கியது. மேல்முறையீடும் கருணை மனுவும் முடிந்து தண்டனை இறுதியாகும்வரை ஒருவர் அப்பிரிவின் கீழ் வரமாட்டார். அதுவரை விளையாட்டு, புத்தகம், செய்தித்தாள், பிறரோடு பழகுதல் ஆகியவற்றை அவருக்கு மறுக்கக் கூடாது. அதற்குப் பிறகும்கூட, பிறர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தனிமையில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

அந்த அமர்வில் இருந்த வி.ஆர்.கிருஷ்ண அய்யர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1948இல் தாமே சில வாரங்கள் சிறையில் இருந்தவர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். பூட்டின் இரு பக்கமும் நின்று பார்த்த ஒருவர் நீதிபதி இருக்கைக்கு வருவது அரிது. சிறைக்குள் போகும் மனிதன் தன் அடிப்படை உரிமைகளை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அது உடனே எல்லாக் கொட்டடிக் கதவுகளையும் திறந்துவிடவில்லை. 2014 ஜனவரியில் சத்ருகன் சௌஹான் வழக்கில், கருணை மனு நிராகரிக்கப்படும் முன் தனிமையில் வைப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதையே 36 ஆண்டு கழித்துச் சொல்ல நேர்ந்தது என்றால், நடுவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

*

உலக அளவில் இன்று ஓர் எல்லைக்கோடு உண்டு. 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற விதிகளுக்கு, 27 ஆண்டு சிறையிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்தார்கள். வெளிவேலை இல்லாத ஒவ்வொரு கைதிக்கும், வானிலை இடம் தந்தால், நாள்தோறும் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்தவெளியில் உடற்பயிற்சி உண்டு என்கின்றன அவ்விதிகள். பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பூட்டி வைப்பது தனிமைச் சிறை. அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது. சித்திரவதைத் தடுப்புக்கான ஐரோப்பியக் குழு இன்னும் மேலே போனது. விசாரணைக் கைதிகள் நாளில் எட்டு மணி நேரமாவது கொட்டடிக்கு வெளியே, பயனுள்ள பலவகைச் செயல்களில் ஈடுபட வழி செய்வதை இலக்காக்க வேண்டும் என்று அது 1990களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது.

நம் பக்கம் திரும்பினால் காட்சி கலங்கலாகவே இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த தனிமைச் சிறைப் பிரிவுகள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 11, 12 என்ற எண்களோடு தொடர்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது 1908இல் அரவிந்தர் இருந்த நிலையில் இருப்பவர்கள். தண்டனை பெறாதவர்கள் என்பதால் அவர்களிடம் வேலை வாங்க முடியாது, அது சரிதான். ஆனால் வேலைக்குப் பதிலாக வேறெதையும் தர வேண்டிய கடமையை 1894 சட்டம் விதிக்காததால், அவர்களின் நாள் வெறுமையாகிவிடுகிறது. நம் சிறைகள் பெரும்பாலும் பலர் சேர்ந்து கிடக்கும் கூடங்கள் என்பதால் தனிமைதான் இல்லையே என்று சிலர் சொல்லலாம். மாலை அடைப்புக்குப் பின் விடியும்வரை, இடத்துக்கு மிஞ்சிய கூட்டத்தோடு ஒரே கூடத்தில் கிடப்பவனுக்கு வானம் தேவையில்லையா என்ன?

வேலையிலும் ஒரு பழைய நோய் இருந்தது. யார் கூட்டுவது, யார் கழிவறை கழுவுவது, யார் சமைப்பது என்பதைச் சிறைக் கையேடுகள் சாதி பார்த்துப் பங்கிட்டன. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சாசனத்துக்கு விரோதம் என்று அறுத்துப் போட்டது. சண்டையைத் தவிர்க்க என்று காரணம் சொல்லிப் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்த வழக்கத்தையும் அத்தீர்ப்பு ஏற்கவில்லை. வ.உ.சி. முதலில் அடைபட்டிருந்த ஊர் அது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1894 சட்டத்துக்கு மாற்றாக 2023இல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. அதில் திருத்தம், மறுவாழ்வு போன்ற சொற்கள் நிறைய உண்டு. அச்சொற்கள் ஒவ்வொரு சிறையிலும் எத்தனை மணிகளாக மாறுகின்றன என்பதே அதை அளக்கும் கோல்.

எங்கள் ஊரின் மத்திய சிறை காலாப்பட்டில் இருக்கிறது. கடல் அங்கிருந்து தொலைவில்லை. அங்கே கைதிகள் இயற்கை வேளாண்மை செய்வதைப் பற்றி அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். மகிழ்ச்சியான செய்தி. தன் கையால் நட்ட செடி வளர்வதைப் பார்ப்பவனின் நாளும் செக்கைச் சுற்றுபவனின் நாளும் ஒன்றாகா. நல்ல அதிகாரி ஒருவர் வாய்த்தால் சிறையில் தோட்டம் வரும், நூலகம் வரும், பாட்டு வரும். ஆயினும் டேலி போன்ற ஒரு மருத்துவர் மாற்றலாகிப் போன மறுநாளும் கைதியின் நடை நிற்காதிருக்க வேண்டும் என்றால், அது ஒருவரின் நல்ல மனத்துக்கு வெளியே, எழுத்தில் இருந்தாக வேண்டும்.

*

இறுதியாக ஒன்று. 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் கரையிறங்கிய அரவிந்தர், 1926 நவம்பர் முதல் 1950 டிசம்பரில் மறையும்வரை ஏறத்தாழ 24 ஆண்டுகள் தம் அறைகளை விட்டு வெளியே வராமல் வாழ்ந்தார். அலிப்பூரில் சில வாரத் தனிமையிலேயே பித்தின் விளிம்பைக் கண்ட அதே மனிதர்தான். இந்தத் தனிமை அவரை உடைக்கவில்லை; இதற்குள் இருந்துகொண்டுதான் 'சாவித்திரி'யை எழுதினார். சுவர்கள் இரண்டு இடத்திலும் இருந்தன. ஒன்றில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது, மற்றதில் உட்பக்கம். அவ்வளவுதான் வேறுபாடு, அது அவ்வளவு பெரிய வேறுபாடு.

சிறையில் தாழ்ப்பாள் வெளிப்பக்கந்தான் இருக்கும். அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது நாளில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்துக்குத் திறக்கும் என்பது திறப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதே கோரிக்கை.

இப்போதும் நாங்கள் கடற்கரைச் சாலையில் நடக்கிறோம். துய்ப்ளெக்ஸ் சிலையருகே திரும்பும்போது சில நாள் யாரோ ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். போக வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.